என் இதயச் சுவரில் ஒரு மில்லிமீட்டர்

போன வெள்ளிக்கிழமை என் இதயத்தை இரண்டாவது முறையாக நேரில் பார்த்தேன்.

முதல் முறை பார்த்தது போன வருஷம். கடற்கரைச் சாலையில் வாக்கிங் போனபோது பத்து நிமிஷத்திலேயே மூச்சு வாங்கியது. முன்னால் போய்க்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். மறுநாளே நான் வழக்கமாக பி.பி. பார்த்துக்கொள்ளும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எக்கோ எடுத்தார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். நெஞ்சில் ஜில்லென்று ஜெல். திரையில்... அதுவா என் இதயம்? வால்வு திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது — ஐம்பத்தெட்டு வருஷமாக, நான் குறட்டை விடும்போதுகூட.

டாக்டர் என் பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

"இதயத்துச் சுவரு தடிச்சிருக்கு சார். வருஷக்கணக்கா பி.பி. அதிகமா இருந்தா இப்படி ஆவும். ஆனா இங்க வர்றப்பல்லாம் உங்களுக்கு நார்மலா இருக்கே. மாத்திரை தெனம் போடுறீங்களா?"

"போடுறேன் டாக்டர்."

அவர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். உண்மையைக் கக்கிவிட்டேன். செக்கப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்து மட்டும்தான் மாத்திரை. பரீட்சைக்கு முந்தைய நாள் படித்தே பாஸான ஆள் நான். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை — தினமும் எதற்கு மாத்திரை என்று இருந்துவிட்டேன்.

"கை தடிச்சா பலம் சார். இது தடிச்சா வெறைச்சிடும். ரத்தம் வந்து நெறையறதுக்கு எடம் பத்தாது, அதான் மூச்சு வாங்குது. இப்படியே வுட்டா துடிப்பு தாறுமாறாவும். ஒருநா பம்ப் பண்ணவே தெம்பு இருக்காது."

ஆட்டோவில் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எத்தினி வருஷமா?"

"ஆறு."

முதலியார்பேட்டையில் வீடு வரும்வரை அவள் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் நெஞ்சில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு பிரமிப்பு. நான் டாக்டரை ஏமாற்றிக்கொண்டிருந்த ஆறு வருஷமும் இது உள்ளே தனியாக முட்டித் தள்ளியிருக்கிறது. சுமை கூடக்கூடத் தன்னையே தடிமனாக்கிக்கொண்டிருக்கிறது. எனக்காக இப்படி உழைத்தவர்கள் வேறு யார்?

அன்றிலிருந்து தினமும் மாத்திரை. ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் ஒரு கும்பிடு.

வெள்ளிக்கிழமை மறுபடியும் எக்கோ. டாக்டர் சிரித்தார். "ஒரு மில்லிமீட்டர் கொறைஞ்சிருக்கு சார். வுடாம போடுங்க."

ஆறு வருஷத் திருட்டுத்தனம். ஒரே வருஷம் ஒழுங்காக இருந்தேன், அதற்குள் என் இதயம் மன்னிக்கத் தொடங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் யாராவது மன்னிப்பார்களா?

என் மனைவி இன்னமும் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காபி தருகிறாள்.