வரவேற்பறையில் ஒரு முன்கள வீரன்

ஐம்பத்திரண்டு வயதில், சுவிஸ் நாட்டுத் திரிம்பாக் ஊரில் ஒரு வாடகை வீட்டு வரவேற்பறையில், சுருட்டிக் கட்டிய கம்பளிக் காலுறையைக் குளிர்காலம் முழுக்க உதைத்தவன் நான். எங்கள் தமிழ்க் கழகத்தின் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்ட அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரே நிறச் சட்டைக்குள் மூச்சுவாங்கும் தொப்பைகளின் கூட்டம் அது. அதில்கூடச் சேர்க்காவிட்டால் மானம் போய்விடும் என்று பயந்தேன்.

சாமித்தட்டு இருக்கும் அறையில் சப்பாத்துப் போட மனைவி விடமாட்டாள். நிஜப் பந்தை உருட்டினால் கீழ்வீட்டு சுவிஸ்காரி படியேறி வருவார். ஆகவே வெறுங்காலும் காலுறையும். நிலத்தில் விழவிடாமல் அறுபது தடவை தட்டிய பெருமையோடு மனைவியைப் பார்த்தேன்.

“அந்தச் சொக்ஸைத் தோய்ச்சுப்போட்டு விளையாடுங்கோவன்” என்றாள்.

பங்குனியில் மைதானத்தில் தெரிவு நடந்தது. சப்பாத்துக்குள் கால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. என்னிடம் வந்த பந்து மூன்று முறையும் எதிரணிக்கே போனது. அவர்கள் மரியாதையாக நன்றி சொன்னார்கள்.

“வீட்டில வெறுங்காலோடதான் பழகினனான்” என்று அணித்தலைவரிடம் முறையிட்டேன்.

அவர் யோசித்தார். “அப்ப கோடை விழாவில கொத்துரொட்டிக் கடையில நில்லுங்கோ அண்ணை. அங்க சப்பாத்துத் தேவையில்லை.”