அடுத்த மண்டகப்படி வரைக்கும்

என் அண்ணன் அப்பாதுரை பெயிண்டர். பெரிய காஞ்சிபுரத்தில் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதியிலாவது அவர் கை பட்டிருக்கும். நல்ல உயரம். அவரை வேலைக்கு வைத்தால் ஏணி வாடகை மிச்சம் என்று வீட்டுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். திருப்புட்குழிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அவருக்கு வேறொரு வேலையும் இருந்தது. பெருமாள் வீதிக்குப் புறப்படும் நாட்களில் வாகனத்துக்குத் தோள் கொடுப்பார். முன் தண்டில் இரண்டாவது ஆள். அந்த நாட்களில் யார் கூப்பிட்டாலும் பிரஷ்ஷைத் தொடமாட்டார்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு மாடிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, "என்னா மேஸ்திரி, இடது பக்கம் ஒரு சாண் அப்படியே நிக்குது? அது யாருக்குப் பங்கு?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே அதை அடித்து முடித்தார். அடுத்த சுவரிலும் அதே இடம் விட்டுப்போனது. கூட வேலை செய்த ராமராஜன் எனக்குப் போன் செய்தான். "அக்கா, அண்ணனுக்குக் கண்ணு சரியில்ல. சொன்னா திட்டறாரு. நீங்க இட்டுக்கினு போங்க."

சென்னையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் அவருடைய வலது கண்ணை மூடிவிட்டு, விரல்களைக் காட்டி, "எத்தனை?" என்று கேட்டாள்.

"நீ மொதல்ல கையைக் காட்டுமா," என்றார் அண்ணன்.

கை அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது.

கிளாக்கோமா. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, நரம்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும் நோய். வலி கிடையாது. இடது கண் முழுதாகப் போயிருந்தது. வலது கண்ணில் நடுவில் மட்டும், ஒரு பைப்புக்குள்ளிருந்து பார்ப்பதுபோல, கொஞ்சம் மிச்சம் இருந்தது. தோள் கொடுக்கிறவனுக்கு முன்னால் போகிற ஆளின் குதிகால் தெரிந்தால் போதும். சுவர் அடிக்கிறவனுக்கு எதிரே இருக்கும் சுவர். அதனால்தான் அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது.

டாக்டர் பொறுமையான பெண். போன பார்வை திரும்பாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். சொட்டு மருந்துக்கு அழுத்தம் இறங்கவில்லை. பெரிய ஆபரேஷன் செய்தால் மிச்சமிருப்பதும் போய்விடுமோ என்று டாக்டருக்குப் பயம். வலது கண்ணில் புரை வேறு இருந்ததால், அதை எடுக்கும்போதே நீர் வடிய ஒரு சின்ன ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றார். அரிசி முனையைவிடச் சிறிய குழாய். தையல்கூடப் போடமாட்டார்கள்.

"சிங்க்ல தண்ணி அடைச்சுக்கிட்டா வழி பண்ணி விடுவாங்க இல்லையா ஐயா, அது மாதிரி."

"பெயிண்டர் கண்ணுக்குப் பிளம்பர் வேலையா?" என்றார் அண்ணன். டாக்டர் சிரித்துவிட்டார்.

ஊரில் ஸ்டென்ட் என்று கேட்டதும் மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டு ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்தார்கள். அண்ணன் யாரையும் திருத்தவில்லை. ஆப்பிள் வந்தால் லாபம்தானே என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அழுத்தம் இறங்கியது. புரையும் போனதால் நடுப்பார்வை பளிச்சென்று ஆகிவிட்டது. கட்டு பிரித்து வீட்டுக்கு வந்ததும் அண்ணியைத்தான் பார்த்தார்.

"அம்சா, உனக்கு இவ்ளோ நரையா?"

"அப்போ இத்தினி நாளா யாரைப் பாத்துக்கினு இருந்தீங்க?"

அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்தது போல அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். குனியக் கூடாது, முக்கக் கூடாது, சில வாரங்களுக்குக் கனம் தூக்கவே கூடாது. ஒரு குடம் தண்ணீர்கூட. வைகாசிக் கருட சேவை நெருங்கிக்கொண்டிருந்தது. "பெருமாளும் கனத்துல சேர்த்தியா டாக்டர்?" என்று கேட்டார் அண்ணன். டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். "இந்த வருஷம் கீழ நின்னு சேவிங்க ஐயா. அந்த ஒரு கண்ணு எனக்கு வேணும்," என்றார்.

அண்ணன் சரியென்றார். மனசார ஒப்புக்கொண்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருட சேவையன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளை வேட்டியும் வெறும் தோளில் துண்டுமாக எங்களோடுதான் நின்றார். அவர் இடத்தில் ராமராஜன் தோள் கொடுத்திருந்தான். "டேய், நடுத்தோள்ல வாங்குடா, கழுத்துல ஏத்தாத," என்று கூடவே நடந்து சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "நீ கம்முனு வாண்ணா, பெருமாளே உன் ரோதனை தாங்காம முகத்தத் திருப்பிக்கினாரு," என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள்.

பெருமாள் வருகிறார் என்று வீட்டுக்கு வீடு வாசலில் தண்ணீர் கொட்டியிருந்தார்கள். அது வழிந்து ஈரமான ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது ராமராஜனின் கால் வழுக்கியது. உட்கார்ந்தேவிட்டான். முன் தண்டு சாய்ந்தது. கருடனின் ஒரு சிறகு தரையை நோக்கி வந்தது. கூட்டம் அலறியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அண்ணனின் தோள் தண்டுக்குக் கீழே இருந்தது. யோசித்துச் செய்ததல்ல. குழந்தை விழப்போனால் கை நீளுமே, அப்படி. கறுப்புக் கண்ணாடி தெறித்து யார் காலிலோ மிதிபட்டது.

வாகனம் நிமிர்ந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். அண்ணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். "யார்கிட்டயாவது குடுங்க! கண்ணு! கண்ணு!" ராமராஜனும் நொண்டிக்கொண்டே வந்து, "வந்துட்டேண்ணா, தோளை மாத்துண்ணா," என்று கெஞ்சினான்.

"நடுவுல மாத்தக்கூடாதுடா. அடுத்த மண்டகப்படி வரைக்கும்."

எங்கள் ஊர்க் கட்டு அது. ஒரு தடவை கொடுத்த தோளை, பெருமாள் நின்று தீபாராதனை வாங்கிக்கொள்ளும் மண்டகப்படி வரும்வரை எடுக்கக் கூடாது. நடையின் ஊடே ஆள் மாறினால் மற்றவர்களின் காலும் தவறும் என்பதால் வந்த வழக்கம். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அதனாலேயே அவரைப் பிடித்து இழுக்க யாருக்கும் கை வரவில்லை. அடுத்த மண்டகப்படி இருந்த பள்ளிக்கூடத்து வாசல்வரை சுமந்தார்.

பெருமாள் நின்றதும் அண்ணன் வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஜெயா, தீபம் ஏன்மா செவப்பா எரியுது?" என்றார்.

கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அது உறைந்து ஸ்டென்ட்டின் வாயை அடைத்து, இறங்கியிருந்த அழுத்தம் மறுபடி ஏறிக்கொண்டே போனது. அன்றே காரில் சென்னைக்குக் கொண்டுபோனோம். மருந்து கொடுத்தார்கள். ரத்தத்தைக் கழுவி எடுத்தார்கள். சில நாட்களில் கண் பார்க்கத் தெளிவாகிவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துக் கேட்டார்.

"வெளிச்சம் தெரியுதா ஐயா?"

"தெரியுதும்மா."

டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"நல்லா தெரியுது," என்றார் அண்ணன்.

 டாக்டர் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நரம்பில் மிச்சமிருந்தது மிகவும் கொஞ்சம், அந்த அழுத்தத்தை அதனால் தாங்க முடியவில்லை என்று பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்.

நாங்கள் ஊர் திரும்பியதும் ராமராஜன் பார்க்க வந்தான். உள்ளே வராமல் வாசல் கேட் பக்கத்திலேயே நின்றான். செருப்புச் சத்தத்தில் ஆளைக் கண்டுகொண்டு, "வாடா, உன் கால் சரியாச்சா?" என்றார் அண்ணன். அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அந்த வருஷம் அவர் எப்படி இருந்தார் என்று எழுத எனக்கு அதிகம் இல்லை. வீட்டு வாசலுக்கு வருவதற்குக்கூட அண்ணியின் கை வேண்டும். அதைக் கேட்க அவருக்கு வாய் வராது. எனவே வரவில்லை. நான் போகும்போது மணி என்ன என்று கேட்பார். சொல்வேன். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்பார். மாசி மாதம் ஒரு காலையில், காபி கொண்டுபோன அண்ணி எழுப்பியும் அவர் எழவில்லை. இதயம் என்றார்கள். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள்.

அவரைக் கிடத்தியிருந்தபோது, ஊர்ப் பையன்கள் சொல்லியனுப்பியதால் கண் வங்கியிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். தினேஷ் என்று பெயர் சொன்னான். சின்னப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணிக்கு எதிரே முட்டி போட்டு மெதுவாகப் பேசினான்.

"பார்வை போன கண்ணை என்னாப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"போனது பின்னால இருக்கற நரம்பும்மா. முன்னால கருவிழி நல்லாத்தான் இருக்கும். ரெண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும்."

அண்ணி அவனையே பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குதா? அப்போ அவருக்கு மட்டும் ஏம்பா உதவல?"

அவன் பெட்டியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தான்.

"வேணாம்பா. அந்தக் கண்ணுல எத்தினி பேரு கை வச்சாச்சு. போதும். அது தூங்கட்டும், உட்டுடுங்க."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். படித்தவள், எடுத்துச் சொல்வாள் என்று நினைத்திருப்பான். கல்லூரியில் மாணவிகளுக்குக் கண்தான முகாம் நடத்தியிருக்கிறேன்.  அன்றைக்கு அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தினேஷ் எழுந்து அண்ணனைக் கும்பிட்டான். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், வண்டியை எங்கள் வாசலில் கிளப்பாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனான்.