ஆறு மணிக்குச் சாத்திய அடுக்களை

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. பேயாவது பூதமாவது என்று ஐம்பத்திரண்டு வயது வரை நக்கலடித்துக்கொண்டிருந்தவன் நான். நாலே நாளில் வாயை மூடிக்கொண்டேன். போன ஆவணியில், ஒரு வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நடந்தது. மணி உட்படக் குறித்து வைத்திருக்கிறேன்.

இருபத்தொரு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு நானும் என் மனைவி கனகலதாவும் திருவண்ணாமலைக்குக் குடிவந்தோம். பிறந்த மாவட்டம்தான். ஆனால் தெரு தெரியாது, கடை தெரியாது. எங்கள் பெட்டிகளைப் பார்த்த ஆட்டோக்காரர் "ஹலோ சார், ஆசிரமம்?" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். எங்களுக்கு இதுதான் வெளிநாடு.

வாடகை வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வீட்டுக்காரர் அருண்பிரசாத். விசிட்டிங் கார்டில் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தியானச் செம்மல், மௌனகுரு, வாழ்வியல் சிற்பி என்று பட்டங்களுக்கு நடுவே எங்கோ ஒளிந்திருந்தது. மௌனகுரு வாசலில் நின்றபடி முக்கால் மணி நேரம் பேசினார். உள்ளே மட்டும் வரவில்லை.

"உள்ள வாங்களேன் சார்."

"பரவால்ல சார். நான் எங்க இருந்தாலும் உள்ளதான் இருக்கேன்."

இந்த மாதிரி பதிலுக்குக் கைதட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். லதா அதற்கப்புறம் தண்ணீர்கூடத் தொட மாட்டாள். வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீரை ஒரு எவர்சில்வர் குடம் நிறையப் பிடித்து, மறுநாள் காலைக்கு என்று மேடையில் வைப்பாள். பிறகு அடுக்களையைக் கழுவி, கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாள் போடுவாள். அவள் அம்மா வீட்டுப் பழக்கம். சரியாக ஆறு மணி.

நான் அந்த விஷயத்தில் யோக்கியன் இல்லை. மஸ்கட்டில் ராத்திரி பதினொன்றுக்குப் பரோட்டாவை முடித்துவிட்டு வந்து "வெறும் வயிறு" என்று சொல்லி மாட்டியவன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. இங்கே வரும்போதே லதா சொல்லிவிட்டாள்.

"சாப்பிட்டா சாப்பிட்டேன்னு சொல்லுங்க. இன்னொரு பொய் சொன்னீங்க... காஞ்சிபுரத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வரக் கூடாது."

சத்தியம் செய்தேன். காப்பாற்றவும் செய்தேன். என் ஆத்திரமே அதுதான்.

வெள்ளி காலை 5.50. லதா அடுக்களையைத் திறந்தாள். குடம் காலி. மூடி ஒழுங்காக மூடியிருந்தது. உள்ளே கையை விட்டால் ஈரம்கூட இல்லை, துடைத்துவைத்த மாதிரி.

"ராத்திரி தண்ணி குடிச்சீங்களா?"

"ஒரு குடத்தையுமா? நான் என்ன ஒட்டகமா?"

அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் 7.20. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குழாய் திருகும் சத்தம். கீச்... கீச்... தண்ணீர் விழும் சத்தம் மட்டும் இல்லை. பக்கத்து வீடு என்று நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எங்களுக்குப் பக்கத்து வீடே இல்லை. பின்னால் காலி மனை, அதைத் தாண்டினால் மலை.

சனி காலை. குடம் காலி.

"திருட்டுத்தனமா குடிக்கிறதும் இல்லாம, குடத்தை வேற துடைச்சு வைக்கிறீங்க. அவ்ளோ கெட்டிக்காரத்தனம்!"

"லதா, குழாய்ல வர்ற தண்ணிய விட்டுட்டு நான் ஏன்டி குடத்தத் தூக்கப் போறேன்?"

"அத உங்க பரோட்டாக்கிட்ட கேளுங்க."

சனி சாயங்காலம் 7.20. மறுபடி கீச்... கீச்... நான் எழுந்துபோய் அடுக்களைக் கதவில் காதை வைத்தேன். உள்ளே டம்ளரை மேடையில் வைக்கும் சத்தம். டங். மறுபடி, டங்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். அதே நேரம் சாமி அறையிலிருந்து லதா வெளியே வந்தாள். பார்த்தாள். நேராகப் படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். செய்யாத தப்புக்கு மாட்டிக்கொள்வது எவ்வளவு எரிச்சல் என்பது, செய்த தப்புக்கு மாட்டியவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவருடைய உதவியாளர் எடுத்தார்.

"ஐயா மௌனத்துல இருக்காரு."

"எப்போ பேச ஆரம்பிப்பாரு?"

"அது ஐயாவுக்கே தெரியாதுங்க."

வைத்துவிட்டேன்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள்" என்றேன் லதாவிடம். "தாழ்ப்பாளை நீயே போடு. கதவுக்கு எதிர்ல ரெண்டு பேரும் உக்காருவோம். குடம் காலியானா நான் இல்ல. காலியாகலேன்னா நானே உன்ன பஸ் ஏத்தி விடறேன்."

ஞாயிறு, ஆறு மணி. லதா குடத்தை நிரப்பினாள். அடுக்களைக்கு வேறு கதவு கிடையாது. ஜன்னலில் கம்பிவலை. நானே ஒருமுறை உள்ளே சுற்றிப் பார்த்தேன். யாருமில்லை. தாழ்ப்பாள் போட்டாள். கதவுக்கு எதிரே இரண்டு நாற்காலி. கட்டின பெட்டி அவள் காலடியில்.

6.40. ஒன்றுமில்லை.

7.05. ஒன்றுமில்லை. "பேப்பர் வேணுமா?" என்றாள், குத்தலாக.

7.20.

கீச்...

லதா என்னைப் பார்த்தாள்.

கீச்... கீச்... திருகித் திருகிப் பார்க்கும் சத்தம். வராத குழாயை யாரோ விடாமல் திருகுகிறார்கள்.

பிறகு குடத்தின் மூடி நகர்ந்தது.

மடக்... மடக்... மடக்...

மூச்சு விடாமல் குடிக்கும் சத்தம்.

எவ்வளவு நேரம்... தெரியாது.

லதாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

சத்தம் நின்றது.

7.29.

கதவு தட்டப்பட்டது. உள்ளேயிருந்து. கீழே, தரையை ஒட்டி. நிற்க முடியாதவர்கள் தட்டுகிற மாதிரி.

"தம்பி..."

பெண் குரல். காய்ந்த குரல்.

"தம்பி... தொறந்துடு தம்பி..."

என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த ஊரில் ஆள் இல்லை.

நான் ஓடத் தயாரானேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். லதாதான் எழுந்தாள். தாழ்ப்பாளைச் சடாரென்று இழுத்தாள்.

யாருமில்லை.

குடம் காலி. குழாய் முழுக்கத் திறந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

7.31.

"நீங்க இல்லைங்க" என்றாள் லதா. "மன்னிச்சிடுங்க." கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் மன்னிப்பு. சந்தோஷப்படுகிற நிலைமையில் நான் இல்லை.

விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தோம். காலையில் லோடு ஆட்டோ வந்தது. சாமான் ஏற்றும்போது, எதிரே தேங்காய், சூடம் விற்கும் பாஞ்சாலை கடையை விட்டு எழுந்து வந்தாள்.

"ஆறு மணிக்கே கிச்சன சாத்தினீங்களாம்மா?"

லதா திரும்பினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"முன்ன இருந்தவங்க பத்து மணி வரைக்கும் சமைப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆவல."

பிறகு மெதுவாகச் சொன்னாள். வினோதினி என்று வீட்டுக்காரருக்கு ஒரு அண்ணி. புருஷன் போனதிலிருந்து, அப்போது இதே வீட்டில் குடியிருந்த அவருக்குச் சமையல். ராத்திரி சாப்பிட்டால் தியானம் கெட்டுவிடும் என்று வீட்டுக்காரர் ஆறு மணிக்கே அடுக்களையைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவாராம். முந்தின வருஷம் கார்த்திகை தீபத்துக்கு, வாசலில் தன் போட்டோ வைத்துத் தண்ணீர்ப் பந்தல் போட்டார். டேங்க் தண்ணீர் மொத்தத்தையும் பந்தலுக்குத் திருப்பிவிட்டார். அன்றைக்கு அந்த அம்மா அடுக்களைக்குள்ளேயே அசந்து படுத்திருந்தாள். அவர் வழக்கம்போலத் தாழ்ப்பாள் போட்டு, வீட்டைப் பூட்டி, ஏலகிரிக்குத் தியான முகாம் நடத்தப் போய்விட்டார்.

அஞ்சு நாள்.

"மாரடைப்புன்னு சொல்லி முடிச்சிட்டாங்கம்மா."

"இத்தனை ஜனம் நடக்கிற ரோடு" என்றாள் லதா. "ஒருத்தருக்குக்கூட கேக்கலியா?"

பாஞ்சாலை தரையைப் பார்த்தாள்.

"கேட்டுச்சும்மா. நான் பந்தல்லதான் தண்ணி ஊத்தினு இருந்தேன். ரெண்டாம் நாளு நான்தான் அவருக்குப் போன் போட்டேன். அக்கா உள்ள தட்றாங்க, சாவி எங்க இருக்குதுன்னு கேட்டேன். 'நடிக்கிறா. ராத்திரில திருட்டுத்தனமா தின்றதுக்குத்தான். நான் வந்து தொறக்கறேன்'னாரு. பெரிய மனுஷரு சொல்றாரேன்னு..."

லதா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் மைக் செட்ட ஜாஸ்தியா வெச்சிட்டோம்மா."