செம்புக் குடத்துத் தண்ணீர்

என் மனைவி நாகப்பட்டினத்துக்காரி. ஸ்ரீரங்கத்துக்கு வாழ வந்த நாளிலிருந்து, இந்தப் பக்கம் காவேரி அந்தப் பக்கம் கொள்ளிடம் என்று எத்தனை தண்ணீரைக் காட்டினாலும் அவளுக்குக் கடல் இல்லாத குறைதான். மகள் கல்யாணமாகிக் கனடா போனதும் வீடு வெறிச்சோடிப் போக, ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தாள். பாக்கெட்டில் வரும் கடல் உப்பைக் கரைத்து ஊற்றி, காட்டூரில் ஒரு மீன் கடையிலிருந்து இரண்டு இறால் வாங்கி வந்து விட்டாள். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, நீள நீளமாக வெள்ளை மீசை. "குழம்புக்குப் பத்தாதே" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தினமும் காலையில் அவள் தொட்டிக்குள் கையை விடுவாள். இரண்டும் ஏறி வந்து நக இடுக்கில் இருப்பதைக் கொத்தித் தின்னும். மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்கிற ஜாதியாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மகளின் பிரசவத்துக்கென்று கிளம்பினாள். மூன்று மாதம் என்று பேச்சு, ஏழு மாதமாகிவிட்டது. இங்கேயே இருந்துவிடு என்று மகள் கெஞ்சுவதும், அதற்கு இவள் சொல்லும் பதிலும் போனில் என் காதில் விழும். "இறால யாருடி பாத்துப்பா? நான் போய்த்தான் ஆகணும்." என்னை யார் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்டதில்லை. நானும் வா என்று சொன்னதில்லை. வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத ஆள் நான். எனக்கும் சேர்த்து இறால்களே அவளைக் கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

அதனால் அவற்றை மாப்பிள்ளைகளைப் போல் கவனித்தேன். திருச்சி வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினம் ஒரு விரல்கடை குறையும். உப்பு அப்படியே நிற்கும் என்பதால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அவள் சொல்லிவிட்டுப் போனது கேன் தண்ணீர். ஒருநாள் கேன்காரர் வரவில்லை. வீட்டிலேயே உசத்தியான தண்ணீர், புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடத்தில் சாமிக்குப் பிடித்து வைத்த காவேரித் தண்ணீர். அதில் ஒரு சொம்பு ஊற்றினேன். இவ்வளவு நல்ல தண்ணீர் இருக்கக் கேன் தண்ணீர் எதற்கு என்று மூன்று வாரம் அதையே ஊற்றினேன்.

அந்த நாட்களில்தான் நானும் தொட்டிக்குள் கைவிட ஆரம்பித்தேன். முதலில் பக்கத்திலேயே வரவில்லை. ஒரு காலையில் ஒன்று தயங்கித் தயங்கி வந்து என் சுண்டுவிரலில் ஏறியது. இதே கால்கள்தானே அவள் விரலிலும் நடந்தன என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஒன்று சாப்பிடாமல் சாய்ந்து கிடந்தது. மறுநாள் இரண்டுமே உயிரோடு இல்லை. மீன் கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "செம்பு இறாலுக்கு விஷம் சார். கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்திருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, விடுங்க" என்றார்.

மூன்று நாள் அவளிடம் பொய் சொன்னேன். கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன என்றேன். உண்மையைச் சொன்னால் அவள் திரும்பி வர என்ன காரணம் இருக்கிறது? நான்காம் நாள் பொய் வாயில் வரவில்லை. குடத்துத் தண்ணீர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, விடுங்க. வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். பிறகு, "அப்போ நான் அவசரப்பட்டு வர வேண்டியதில்ல. குழந்தை தவழற வரைக்கும் இருந்துட்டு வரேன்."

"இல்ல, வா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீ இல்லாம முடியல. சாப்பாடு இறங்கல, வீட்டுக்குள்ள இருக்கவே பிடிக்கல. வந்துடு."

பின்னால் குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"இதைச் சொல்ல ரெண்டு உசிரு போகணுமா உங்களுக்கு?" என்றாள்.