தாராபுரத்துக்காரர்கள் குடித்த பீர்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பீர் காய்ச்சப்பட்டது என்பதை நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். நொதித்தலைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒரு முறைகூட என் சொந்த வீட்டை உதாரணம் காட்டியதில்லை. குடும்பத்தின் பெயர் அப்படித்தான் காப்பாற்றப்பட்டு வந்தது. சென்ற மாதம் என் தம்பியின் பேரன், தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையலறையில் தானே பீர் காய்ச்சி, நுரை ததும்பும் கோப்பையோடு நிற்கும் படத்தை உறவினர் அனைவருக்கும் அனுப்பினான். பொழுதுபோக்காம். மூத்தவர்கள்கூட அதைப் பாராட்டியிருந்தார்கள். அந்த அதிர்ச்சி அடங்கப் பல நாள் ஆயிற்று. அடங்கிய பிறகு, இனி எதை மறைத்து என்ன என்று தோன்றியது.

அப்போது நாங்கள் சிங்காநல்லூரில் இருந்தோம். நான் தொடக்கப் பள்ளி மாணவி. மதுவிலக்கு கடுமையாக அமலில் இருந்த காலம் அது. அப்பா ஊர் மதுவிலக்குக் குழுவின் தலைவர். சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவன் முதலில் எங்கள் வாசலில் வந்து தலைகுனிந்து நிற்க வேண்டும். காவல் நிலையம் அதற்குப் பிறகுதான்.

அப்பாவின் தம்பியான சித்தப்பாவை, அவர் பணிபுரிந்த பஞ்சாலை, நூற்பு இயந்திரங்களைப் பற்றிக் கற்றுவர இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தது. திரும்பியபோது ஒரு கம்பளிக் கோட்டையும், குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மையாரிடம் கற்ற ஒரு வித்தையையும் கொண்டுவந்தார். அந்த அம்மையார் சமையலறை அடுப்பிலேயே பீர் காய்ச்சுவாராம்.

இங்கே மருந்துக் கடையில் கிடைத்த பார்லி தோல் நீக்கியது; ஊறவைத்தால் முளைக்காமல் நாறிற்று. சித்தப்பா தளரவில்லை. எங்கள் அன்னூர்த் தோட்டத்துச் சோளத்தை ஊறவைத்து, ஈரச் சாக்கில் முளைகட்டி, மொட்டை மாடியில் உலர்த்தி, ஒன்றிரண்டாக உடைத்தார். ஆலையிலிருந்து எடுத்துவந்த வெப்பமானியை அண்டாவுக்குள் தொங்கவிட்டு, உடைத்த சோளத்தைச் சுடுநீரில் ஊறப்போட்டார். கசப்புக்காகச் சீமையில் போடும் பூ நம் பக்கத்தில் ஏது? நிலவேம்பைப் போட்டார். ரொட்டிக் கடையில் கெஞ்சி ஈஸ்ட் வாங்கினார். நொதித்து அடங்கியதைப் பழுப்பு நிறப் புட்டிகளில் ஊற்றி, சிறிது வெல்லம் சேர்த்து, தக்கைகளை ஆலை நூலால் இறுக்கிக் கட்டி, தாம் தங்கியிருந்த மாடி அறையில் அடுக்கினார். வயிற்றுக்கான சீமை மருந்து என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். நிலவேம்பு சேர்ந்த எதையும் அம்மா மருந்தென்றே நம்புவார். மாடிக்கு ஏறிப் பார்க்கும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை. புட்டிகளைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அத்தை.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருந்தார். அதற்கு அப்பா தந்த பதில், தாராபுரத்திலிருந்து வந்த ஒரு வரன். "நம்ம ஊட்டுப் பொண்ணு சம்பளத்துக்குப் போயி நிக்கோணுமா?" என்று ஒரு முறை கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. அத்தை சோற்றைத் தொடாமல் கிடந்து பார்த்தார், பலனில்லை. உறுதி செய்துகொள்ள மாப்பிள்ளை வீட்டார் வரும் நாள் குறிக்கப்பட்டது. வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் பிறகு அந்தப் பேச்சை மாற்ற எங்கள் வழக்கத்தில் இடம் கிடையாது.

நல்ல கோடை. மாப்பிள்ளையும் அவருடைய பெற்றோரும் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தந்தை வெள்ளைக் கதர் உடுத்தியவர். அமர்ந்த உடனே அப்பாவின் மதுவிலக்குத் தொண்டைப் புகழத் தொடங்கினார். "எங்க வமுசத்துல ஒருத்தனுமே அதைத் தொட்டதில்லீங்க" என்று அவர் சொன்னபோது அப்பாவின் முகம் மலர்ந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். மகன் கடலை வியாபாரமாகப் பாண்டிச்சேரி வரை போய்வருகிறவர் என்பதும் பெருமையோடு சொல்லப்பட்டது. அங்கே மதுவிலக்கு இல்லை என்பது அந்தக் கூடத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை.

வெயிலில் வந்தவர்களுக்குக் கலர் என்ற இனிப்புச் சோடா கொடுப்பது அந்நாளைய மரியாதை. அம்மா விருந்தினரோடு இருந்தார். அத்தை ஒருவரே சமையலறையில் புட்டிகளைத் திறந்து, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, தட்டில் ஏந்தி, தலை குனிந்து வந்தார். டம்ளர்களில் நுரை பொங்கி வழிந்தது. நல்ல சோடா என்று யாரோ பாராட்டினார்கள்.

மாப்பிள்ளையின் தாயார் ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார். கசாயம் என்று எண்ணினார் போலும். வந்த இடத்தில் மிச்சம் வைக்கக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்து முடித்தார். அவருடைய கணவர் அப்படி மரியாதை பார்க்கவில்லை. டம்ளரை முகர்ந்தார். மீண்டும் முகர்ந்தார். எழுந்து நின்றார்.

"ஏனுங்க, சாராய வாடையல்லோ அடிக்குது? கமிட்டித் தலைவரு ஊட்டுல, பொண்ணு கையில குடுத்து உடறீங்களே. இதையப் போலீசுக்குச் சொல்லாம நான் ஊரு போயிச் சேரமாட்டனுங்க."

அப்பா தம் டம்ளரை அப்போதுதான் வாயருகே கொண்டுபோனார். அதை அவர் கீழே வைத்த விதம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. ஊரையே தலைகுனிய வைத்தவர், தம் கூடத்தில் தாமே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன்.

அப்போதுதான், அதுவரை வாய் திறவாதிருந்த மாப்பிள்ளை, தந்தையைச் சமாதானப்படுத்த எண்ணிப் பேசினார். நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். காலியான டம்ளர் அவர் கையில் இருந்தது.

"சாராயமில்லீங்கப்பா, இது பீருங்க. நல்லாத்தான் வந்திருக்குது. இன்னுங் கொஞ்சம் சில்லுனு இருக்கோணும், அவ்வளவுதானுங்க."

தந்தை மகனைப் பார்த்தார். தாயார் தாம் குடித்து முடித்த டம்ளரைப் பார்த்தார். அப்பா மெல்ல நிமிர்ந்து, மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே பழக்கம் என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். காய்ச்சியவர் எங்கள் வீட்டில், குடித்துப் பழகியவர் அவர்கள் வீட்டில். யார் யாரைக் காவல் நிலையத்துக்கு இழுப்பது? வெற்றிலைத் தட்டு வைத்த இடத்திலேயே இருக்க, தாராபுரத்துக்காரர்கள் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினார்கள்.

இது யார் வேலை என்று அப்பா கேட்டார். சித்தப்பா முன்னால் வந்தார். ஒரு கணம் அத்தையைப் பார்த்தார், பிறகு, "என்ற தப்புத்தானுங்கண்ணா. புட்டிய நாந்தான் கலரோட மாத்தி வெச்சுப்போட்டேன்" என்றார். மாடி அறை அப்போதே காலி செய்யப்பட்டது. சித்தப்பா ஆலைக் குடியிருப்புக்குப் போனார். பல ஆண்டுகள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பா உடல்நலத்தைக் காரணம் காட்டிக் குழுவிலிருந்து விலகினார். காரணத்தை யாரும் வெளியில் சொல்லவில்லை என்றாலும், தட்டு மாறாமல் நின்றுபோன வீட்டுக்கு அடுத்த வரன் எளிதில் வருவதில்லை. சும்மா இருப்பதற்குப் படிக்கட்டும் என்று கடைசியில் அப்பாவே அத்தையைப் பயிற்சிக்கு அனுப்பினார். அத்தை தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றார்.

அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். அப்பா படுத்துவிட்டார், அம்மா அழுதுகொண்டிருந்தார். அத்தை என்னைச் சமையலறைக்குள் அழைத்துப்போனார். ஈர மணல் நிரப்பிய பானையில், கடையில் வாங்கிய கலர்கள், பச்சைக் கண்ணாடிக் கழுத்தில் கோலி அடைத்தபடி, குளிர்ந்து நின்றன. ஒன்றை எடுத்துக் கோலியைக் கட்டைவிரலால் அழுத்தி என்னிடம் தந்தார். "குடி கண்ணு, வேணுங்கிறதக் குடி" என்றார். வீடே இழவு விழுந்ததுபோல் கிடந்த அந்நேரத்தில் அத்தையும் ஒன்றைத் திறந்து நிதானமாகக் குடித்தார். வேறொரு நாளில் எனக்கு ஒரு வாய்கூடக் கிடைத்திராது. நானோ அன்று வயிறு முட்டக் குடித்தேன். கோலி அடைத்த பச்சைப் புட்டியையும் நூல் கட்டிய பழுப்புப் புட்டியையும், பழுப்பானவற்றைத் தம் கையாலேயே கழுவிய அத்தை எப்படி மாற்றி எடுத்திருக்க முடியும் என்று கேட்கும் வயது எனக்கு இல்லை.