ரோஸ்லின் மேடத்தின் கிளாஸில் ஒரே ஆள்

ரோஸ்லின் மேடம் தவறிவிட்டார்.

காலையில் ஆபீஸ் குரூப்பில் அவர் போட்டோவைப் பார்த்ததும் "ஆல் தி பெஸ்ட் மேடம், கீப் இன் டச்" என்று போட்டுவிட்டேன். எங்கள் குரூப்பில் போட்டோ வந்தால், யாரோ வேலையை விட்டுப் போகிறார் என்று அர்த்தம். கீழே எழுதியிருந்ததை அப்புறம்தான் படித்தேன்... அழிப்பதற்குள் பாதிப் பேர் பார்த்தாயிற்று.

சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன் என்று எங்கள் ஏரியா ஜோகுபாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். செய்வதென்னவோ, போகிறவர்களிடம் ஐடி கார்டும் லேப்டாப்பும் திருப்பி வாங்குவது.

மேடம் அங்கே டிரெய்னிங் பார்த்தவர். அவர் வைத்த சட்டம் ஒன்று: வேலையை விடுகிறவர் கடைசி நாளில், தனக்குத் தெரிந்ததை ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்க வேண்டும். எடுத்தால்தான் ஃபார்மில் கையெழுத்து.

கேட்கத்தான் ஆள் வராது. எல்லாருக்கும் மீட்டிங்.

"சேகர், வந்து உக்காருங்க. ஒரு ஆளாவது வேணும்ல?"

பியூசியோடு நின்றவன் நான். கிளவுட், டேட்டாபேஸ் எல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"டவுட் இருக்கா சேகர்?"

"இல்ல மேடம்."

"எப்படி இருக்கும்? ஒண்ணாவது புரிஞ்சாத்தானே டவுட் வரும்!"

போன மாதம், அவர் உடம்பு முடியாமல் லீவில் இருந்தபோது போன் செய்தேன். என் மகள் பவித்ராவுக்காக. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேர்ந்து எட்டு மாதம்... மறுபடியும் வேலையை விடப் பேப்பர் போடப் போகிறேன் என்று நின்றாள்.

"யாரும் எதுவும் சொல்லித் தர்றதில்லப்பா. கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு சிரிக்கிறாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும்.

எனக்குப் பயம். அடுத்தது கிடைக்காவிட்டால்? போகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். போய் என்ன ஆனார்கள் என்று எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்...

போனை வைத்ததும் பவித்ரா கேட்டாள். "மேடம் என்னப்பா சொன்னாங்க?"

"ஒரு வருஷம் பல்லக் கடிச்சுட்டு இருக்கச் சொன்னாங்கம்மா."

மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டாள். நேற்று ஞாயிறு. மாத்திரை போட்டுக்கொண்டு ஆறு மணிக்கே படுத்துவிட்டாள்.

போய் வாருங்கள் மேடம். இந்தத் தடவையும் எனக்கு டவுட் இல்லை.

நீங்கள் போனில் சொன்னதை அவளிடம் நான் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.

"அந்தப் பொண்ண விடுங்க சேகர். போகட்டும்."