முதுகுப் பக்கம் போகாத கை

நகரியிலிருந்து தினமும் ரயிலில் திருப்பதிக்குப் போய், ஒரு சின்ன மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறேன். தோள்வலியோடு வருபவர்களில் பெயின்டர்கள் அதிகம். அன்று வந்தவரும் பெயின்டர்தான். நாற்பதைத் தாண்டியவர். இலங்கையிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் குடும்பத்தோடு இருக்கிறார். இங்கே ஒரு லாட்ஜுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு கான்ட்ராக்டர் அவரைக் கூட்டி வந்திருந்தார்.

"எப்டிண்ணா ஆச்சு?"

"முந்தி மரத்தால விழுந்தனான், தங்கச்சி."

மரத்திலிருந்து விழுந்தால் பெரும்பாலும் ஒரு தோள்தான் அடிபடும். இவருக்கு இரண்டும் ஒரே மாதிரி இறுகிக் கிடந்தன. வழக்கமான சோதனைதான், கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொடச் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்தேன். உதறிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நான் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

அவராகவேதான் பேச ஆரம்பித்தார். சண்டை முடிகிற சமயத்தில் சனத்தோடு சனமாக வெளியே வந்தவரை, விசாரிக்க வேண்டும் என்று படையினர் தனியாகக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"இயக்கத்தில இருந்தனியோ எண்டு கேட்டவங்கள். இல்லையெண்டன். கையைப் பின்னால கட்டி, அந்தக் கயித்திலயே தூக்கினவங்கள். பேந்து, இருந்தனான் எண்டும் சொல்லிப் பாத்தன். இறக்கேல்ல." திரும்பக் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "வீட்டில சொல்லேல்ல" என்றார்.

அதன் பிறகு அவருக்கு எதிரில் நின்றுதான் சிகிச்சை செய்தேன். தொடுவதற்கு முன்னால் எங்கே தொடப்போகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

சில வாரம் கழித்து, இப்படித் தங்களைப் பிடித்துவைத்து வதைத்ததாகச் சொல்பவர்களின் வாக்குமூலங்களைச் சென்னையில் ஒரு வக்கீல் சேகரிப்பதாகச் சொல்லி, அதற்கு டாக்டரின் சான்று வேண்டும் என்று அவர் கேட்டார். எங்கள் பெரிய டாக்டரிடம் சொன்னேன்.

"மனக்கெந்துக்கம்மா ஈ கொடவ?" என்றார். நமக்கெதற்கு இந்த வம்பு என்கிறார்.

யார் செய்தார்கள் என்று எழுத வேண்டாம், தோளில் இருப்பதை மட்டும் எழுதினால் போதும் என்று தெலுங்கிலேயே சொன்னேன். மறுநாள் டாக்டரே அவரை வரவழைத்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, முழங்கைக்கு மேலே இருந்த பழைய கயிற்றுத் தழும்புகளை அளந்தார். கையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டால் இத்தகைய காயம் ஏற்படும், விழுந்ததால் ஏற்பட்டிருக்க வாய்ப்பு குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக வந்த நாளில், வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைக் கற்றுக்கொள்ள மனைவியும் கூட வந்திருந்தார். வக்கீலிடம் போவதற்கு முன்பு இவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இவர் மருந்து வாங்கப் போனபோது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "மரத்தால விழுந்த ஆள் நித்திரையில 'அவிட்டு விடுங்கோ' எண்டு கத்துவாரோ, தங்கச்சி? எனக்கு எப்பவோ விளங்கினது. அவரே சொல்லட்டும் எண்டு இருந்தனான்."

வாக்குமூலம் வெளிநாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக வக்கீல் சொல்லியிருக்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் இலங்கை அரசு சொல்லிக்கொண்டிருக்கிறது. விசாரணை வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்குக் கை இப்போது காது வரை ஏறுகிறது, பின்னால் போவதில்லை. லாட்ஜ் வேலை முடிந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைப் பக்கம் போய்விட்டார். சுவரின் கீழ்ப்பாதியை அவர் அடிக்கிறார், மேல்பாதியைக் கூட வேலை செய்பவர் பார்த்துக்கொள்கிறார்.